பெட்டியில் அச்சிடாத காலாவதித் தேதி: டெல்டாவில் டேப்லெட் வாங்குவோருக்கு ஒரு ரிவ்யூ

விதை நெல் வாங்கும்போது மூட்டையில் தொங்கும் அட்டையைத் திருப்பி, எதுவரைக்கும் செல்லும் என்று பார்க்காமல் டெல்டாவில் யாரும் பணத்தை எண்ணி வைப்பதில்லை. டேப்லெட்டுக்கும் அப்படி ஒரு தேதி இருக்கிறது. பெட்டியில் மட்டும் அச்சிட மாட்டார்கள். பாதுகாப்பு அப்டேட் நிற்கும் நாள்தான் அது. அதற்குப் பிறகு வெளியே தெரியவரும் மென்பொருள் ஓட்டைகளை அடைக்க யாரும் வரமாட்டார்கள். திரை எரியும், வீடியோ ஓடும், வெளிப்பார்வைக்கு ஒரு குறையும் இருக்காது. யுபிஐயும் வங்கிச் செயலியும் அதே கருவியில் இருப்பதுதான் சங்கடம். கொஞ்ச காலத்தில் செயலிகளும் ஒவ்வொன்றாகக் கைவிடத் தொடங்கும். குரோம் 2025இல் ஆண்ட்ராய்டு 8, 9 இரண்டுக்கும் புதிய பதிப்பு தருவதை நிறுத்திவிட்டது.

கேமரா எத்தனை மெகாபிக்சல் என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. டேப்லெட்டைத் தூக்கிப் பிடித்து ஃபோட்டோ எடுப்பவர்களைத் திருமண மண்டபத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் தேதிக் கணக்கு. அப்டேட் வருஷங்கள் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஓடுவதில்லை. அந்த மாடல் வெளியான நாளிலிருந்து ஓடுகின்றன. தள்ளுபடி விலையில் முன்வரிசையில் அடுக்கி வைத்திருப்பது பெரும்பாலும் பழைய மாடல்தான் என்பதால் இது முக்கியம். லெனோவோ டேப் எம்11 நல்ல உதாரணம். 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். ஆண்ட்ராய்டு 13இல் தொடங்கி 15 வரை, பாதுகாப்பு அப்டேட் 2028 ஜனவரி வரை என்று நிறுவனமே சொல்லியிருக்கிறது. 2026 பொங்கலுக்கு வாங்கினால் மிச்சம் இரண்டே வருஷம். மோசமான கருவி என்று சொல்லவில்லை. தேதியை வெளிப்படையாகச் சொன்னதற்குப் பாராட்டவே வேண்டும். ஆனால் கடையில் சொல்லும் விலையை நான்கால் வகுக்காதீர்கள், இரண்டால் வகுங்கள்.

‘அப்டேட் வரும் சார்’ என்று கடையில் சொன்னால் எந்த அப்டேட் என்று கேளுங்கள். மூன்று வகை இருக்கிறது. ஆண்ட்ராய்டு 15 போய் 16 வருவது ஒன்று. முகப்பு மாறும், சில வசதி கூடும், இல்லாவிட்டாலும் குடி முழுகாது. ஓட்டையை அடைக்கும் பாதுகாப்பு பேட்ச் இரண்டாவது, வேண்டியது இதுதான். மூன்றாவது கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட். ஆண்ட்ராய்டு 10இலிருந்து சில உள்பாகங்களை மட்டும் கூகுளே நேரடியாகப் புதுப்பிக்கிறது. நிறுவனம் கைவிட்ட டேப்லெட்டிலும் இது வந்துகொண்டிருக்கும். அதைப் பார்த்து ‘இன்னும் அப்டேட் வருதே’ என்று ஏமாந்துபோகிறவர்கள் அதிகம். சிப்பிலும், அதை இயக்கும் அடிமட்ட மென்பொருளான கெர்னல், டிரைவரிலும் இருக்கும் ஓட்டையை இது அடைக்காது.

கடையிலேயே பார்க்கலாம். செட்டிங்ஸ், அபவுட் டேப்லெட், சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷன் என்று உள்ளே போனால் ஆண்ட்ராய்டு செக்யூரிட்டி பேட்ச் லெவல் என்று ஒரு தேதி இருக்கும். சில பிராண்டுகளில் ‘ஆண்ட்ராய்டு வெர்ஷன்’ என்ற வரியைத் தொட்டால்தான் தெரியும். டெமோ பீஸை யாரும் அப்டேட் செய்வதில்லை என்பதால் தேதி பழையதாக இருந்தால் உடனே முடிவுக்கு வராதீர்கள். வைஃபையில் இணைத்து, சாஃப்ட்வேர் அப்டேட்டைத் தட்டுங்கள். தேதி ஆறு மாதத்துக்கு மேல் பழசாக இருந்து, ‘புதிதாக எதுவும் இல்லை’ என்றும் பதில் வந்தால் அந்த மாடலை வைத்துவிட்டு வந்துவிடலாம்.

வீட்டிலிருந்தே பார்க்க இன்னொரு வழி. சாம்சங் தன் மொபைல் செக்யூரிட்டி இணையதளத்தில் எந்த மாடலுக்கு மாதாமாதம், எதற்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எதற்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று பட்டியல் வைத்திருக்கிறது. ஒரு மாடல் ஆறு மாதப் பட்டியலுக்கு இறங்கிவிட்டால் அந்திமக்காலம் என்று அர்த்தம். பட்டியல் போடாத பிராண்டுக்கு பிரிட்டன் பக்கம் போய்ப் பாருங்கள். 2024 ஏப்ரல் முதல் அங்கே விற்கும் இணையக் கருவிகளுக்குப் பாதுகாப்பு அப்டேட் குறைந்தபட்சம் எதுவரை என்று நிறுவனம் அறிவிப்பது சட்டப்படி கட்டாயம். டேப்லெட்டில் சிம் போடும் மாடலுக்குத்தான் அந்தச் சட்டம், வைஃபை மட்டும் உள்ளதற்கு இல்லை. ஆனாலும் நம் ஊர்ப் பெட்டியில் இல்லாத தேதி, அதே மாடலின் பிரிட்டன் பக்கத்தில் இருக்கலாம். அங்கே விற்காத மாடலுக்கு இந்த வழி உதவாது.

இனி மாடல்கள்.

சாம்சங் கேலக்ஸி டேப் ஏ11. 2025 செப்டம்பரில் வந்தது. அறிமுக விலை 4 ஜிபி ராம், 64 ஜிபி ஸ்டோரேஜுக்கு 12,999 ரூபாய். 8.7 அங்குலத் திரை, 5100 எம்ஏஎச் பேட்டரி, ஹெட்ஃபோன் ஜாக் உண்டு, மெமரி கார்டு போடலாம். இந்த விலையில் ஏழு ஆண்ட்ராய்டு பதிப்பு, ஏழு வருஷப் பாதுகாப்பு அப்டேட் என்று வாக்குக் கொடுத்திருப்பதுதான் செய்தி. வகுத்துப் பார்த்தால் வருஷத்துக்கு 1,900 ரூபாய்கூட ஆகவில்லை.

ஆனால் இந்த வாக்கு முக்கால்வாசி காகிதத்தில்தான். உள்ளே இருப்பது 2022இல் வந்த ஹீலியோ ஜி99 சிப். 4 ஜிபி ராமில் ஒவ்வொரு பெரிய அப்டேட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு வாங்க வைக்கும். 64 ஜிபியில் கணிசமான பங்கை சிஸ்டமே எடுத்துக்கொள்கிறது; மிச்சத்தை வாட்ஸ்அப் வீடியோ நிரப்பியதும் அப்டேட்டை இறக்க இடம் போதாது என்று சொல்லும். ஏழு வருஷ வாக்கு கைக்கு வராமல் போவது பெரும்பாலும் இப்படித்தான். எனவே இந்த மாடல்தான் என்றால் 8 ஜிபி, 128 ஜிபி வகையை எடுங்கள். கூடுதலாகப் போகும் காசு ராமுக்கு இல்லை, பின்பாதி வருஷங்களுக்கு. கடையில் ‘4 பிளஸ் 4, எட்டு ஜிபி’ என்றால் நம்ப வேண்டாம். பாதி மெய்நிகர் ராம், ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது. உண்மையான ராம் பெட்டியின் பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும்.

இன்னொரு குறை திரை. 8.7 அங்குலத்தில் 1340க்கு 800 புள்ளிகள். தேவாரப் பாட்டோ கர்நாடக சங்கீத ஸ்வரக்குறிப்போ பிடிஎஃப்பில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து படிப்பவருக்கு, ஏ4 பக்கம் இதில் பொடி எழுத்தாகத் தெரியும். சிட்டா, அடங்கல், பயிர்க் காப்பீட்டுப் படிவம் எல்லாம் ஏ4தான். இரண்டு விரலால் பெரிதாக்கி இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பையில் போட்டுப் போக, சிங்கப்பூரில் இருக்கும் மகனுடன் வீடியோ கால் பேச, பிள்ளைக்குப் பாட வீடியோ பார்க்க என்றால் போதும். படிவமும் பிடிஎஃப்பும்தான் வேலை என்றால் சுமார் 11 அங்குலத்துக்குக் கீழே பார்க்க வேண்டாம்.

ஆப்பிள் ஐபேட், ஏ16 சிப் உள்ளது. 2025 மார்ச்சில் வந்தது. 128 ஜிபி வைஃபை மாடல் அறிமுக விலை 34,900 ரூபாய். ஆப்பிள் ‘ஏழு வருஷம்’ என்று முன்கூட்டிச் சொல்வதில்லை. பழைய கணக்கைப் பார்த்துத்தான் எடை போட வேண்டும்: 2019இல் வந்த ஏழாம் தலைமுறை ஐபேட், ஐபேட்ஓஎஸ் 13 முதல் 18 வரை எல்லாப் பதிப்பையும் பெற்றது, 18க்கு அடுத்ததாக 2025 செப்டம்பரில் வந்த ஐபேட்ஓஎஸ் 26இல்தான் விடுபட்டது. ஆறு வருஷம், அதுவும் உலகத்தில் எல்லாருக்கும் ஒரே நாளில். சாம்சங்கில் விலை குறைந்த மாடலுக்குப் பேட்ச் கடைசியில்தான் வரும். அந்த வர்க்க பேதம் ஐபேடில் இல்லை.

தனியுரிமையிலும் ஐபேடுக்கு ஒரு படி கூட. 2021 ஏப்ரலில் வந்த 14.5 பதிப்பிலிருந்து, ஒரு செயலி உங்களை மற்ற செயலிகளிலும் தளங்களிலும் பின்தொடர வேண்டுமானால் அனுமதி கேட்டாக வேண்டும். செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, டிராக்கிங் என்று போய் ‘கேட்கவே அனுமதிக்காதே’ என்று ஒரே சுவிட்சில் மூடிவிடலாம். தமிழ் எழுத வெளி கீபோர்டும் தேவையில்லை. தமிழ்99, அஞ்சல் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். வெளியிலிருந்து இறக்கும் கீபோர்டுக்கு ‘ஃபுல் ஆக்சஸ்’ கொடுத்தால் நீங்கள் தட்டும் எழுத்துகளை அதன் நிறுவனத்துக்கு அனுப்ப வழி திறந்துவிடுகிறீர்கள்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும்: வீட்டு ஐபேடில் ஆளுக்கொரு கணக்கு வைக்க முடியாது. பள்ளிகள் நிர்வகிக்கும் ஐபேடில் அந்த வசதி உண்டு, குடும்பத்துக்கு இல்லை. நம் வீடுகளில் டேப்லெட் ஒருவருடையது அல்ல. காலையில் அப்பா வங்கிக் கணக்கு பார்ப்பார், சாயங்காலம் பிள்ளை பாடம் பார்க்கும், ராத்திரி பாட்டி கச்சேரி கேட்பார். 2025 மே மாதம் ஐபேடுக்கும் வாட்ஸ்அப் வந்துவிட்டதால் அப்பாவின் செய்தியெல்லாம் பிள்ளை கையில். செயலிகளைத் தனித்தனியாக டச் ஐடியால், அதாவது விரல்ரேகையால், பூட்டலாம். கைடட் ஆக்சஸ் போட்டுப் பிள்ளையை ஒரே செயலிக்குள் நிறுத்தலாம். இரண்டும் ஒட்டுப்போடும் வேலைதான்.

ஆண்ட்ராய்டு டேப்லெட் இங்கே தெளிவாக ஜெயிக்கிறது. சாம்சங் ஃபோனில் இல்லாத வசதி அதன் டேப்லெட்டில் இருக்கிறது: செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ் அண்ட் பேக்கப், யூசர்ஸ். பிள்ளைக்கு ஒரு யூசர், பாட்டிக்கு ஒரு யூசர் என்று சேர்த்தால் ஒருவர் கோப்பு, செயலி, வரலாறு எதுவும் மற்றவர் கண்ணில் படாது. வங்கிச் செயலியை முதன்மை யூசரில் மட்டும் வையுங்கள். அதற்கு வேறு பின் எண் போடுங்கள். அந்த எண்ணை நாலு வயதுப் பேரனுக்குச் சொல்லிக்கொடுக்கும் தாத்தாக்களுக்கு எந்த நிறுவனத்திடமும் தீர்வு இல்லை. ஒவ்வொரு யூசரும் ஸ்டோரேஜில் தனிப் பங்கு எடுத்துக்கொள்ளும் என்பதால் 64 ஜிபியில் இதைச் செய்யாதீர்கள்.

வெளியே எடுத்துப் போகிறவர்களுக்கு ஐபேடில் ஒரு பள்ளம் காத்திருக்கிறது. வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் கிடையாது. வயலில் நின்று இடக்குறிப்போடு படம் எடுப்பது, வரப்பளவு பார்ப்பது, வாய்க்கால் தலைப்பைக் குறிப்பது எதுவும் சரியாக விழாது. செல்லுலார் மாடலில்தான் ஜிபிஎஸ். அதன் விலை 49,900 ரூபாயில் தொடங்கியது, அதிலும் சிம் கார்டு போட இடமில்லை, இ-சிம் மட்டும்தான். சாம்சங் வைஃபை மாடல்களிலேயே ஜிபிஎஸ் இருக்கிறது. மதிய வெயிலில் ஐபேட் திரையும் திணறும்: வெளிச்சம் 500 நிட்ஸ்தான், எதிரொளிப்பைத் தடுக்கும் பூச்சும் கிடையாது. திண்ணை நிழலில் பிரச்சினை இல்லை, நடவு வயலில் உங்கள் முகம்தான் தெரியும்.

அந்த வேலைக்கு சாம்சங் டேப் எஸ்10 எஃப்இ. 2025 ஏப்ரல், அறிமுக விலை 42,999 ரூபாய், 10.9 அங்குலம், ஏழு வருஷ அப்டேட், எழுதும் எஸ் பென் பெட்டிக்குள்ளேயே. ஐபேடுக்கு யூஎஸ்பி-சி பென்சில் தனியாக 7,900 ரூபாய்; அதைச் சேர்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே விலைதான். சாம்சங்கில் கருவி, பேனா இரண்டுக்கும் தண்ணீர், தூசு தாங்கும் ஐபி68 தரம் உண்டு. ஐபி68 சோதனை நன்னீரில் நடப்பது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்றுக்கும் கடல் நீருக்கும் அது உத்தரவாதம் இல்லை. சார்ஜ் போடும் துளையில் பச்சை பூத்தால் வாரண்டியில் வராது. அந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் துளைக்கு ஒரு ரப்பர் மூடி வாங்கிப் போடுவதும், ஈரமாக இருக்கும்போது சார்ஜ் போடாமல் இருப்பதும் நல்லது. பேனாவால் கோலம், ஓவியம், நகை டிசைன் வரைகிறவர்கள் யோசிக்காமல் இதை எடுக்கலாம். பாட வீடியோவுக்கு மட்டும் என்றால் வீண் செலவு.

ஐந்தாயிரம், ஆறாயிரம் ரூபாய்க்குப் பெயர் தெரியாத பிராண்டில் ‘12 ஜிபி ராம், 512 ஜிபி’ என்று வருவதைத் தொடவே தொடாதீர்கள். அந்த விலைக்கு அந்த ராம் வராது. இதைவிடப் பெரிய ஆபத்து, தொழிற்சாலையிலிருந்து வரும்போதே உள்ளே தீநிரல் இருப்பது. பேட்பாக்ஸ் என்று 2023இல் வெளிவந்த விவகாரம் அதுதான்: மலிவான ஆண்ட்ராய்டு டிவி பெட்டிகளிலும் டேப்லெட்டிலும், கருவியோடு வரும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேரிலேயே கலந்திருந்தது. 2024 டிசம்பரில் ஜெர்மனியின் இணையப் பாதுகாப்பு அலுவலகம் அங்கே சுமார் 30,000 கருவிகளின் தொடர்பைத் துண்டித்தது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐயும் எச்சரித்தது. ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் போகாது, ரீசெட் திரும்பக் கொண்டுவருவதே அந்தக் கலப்பட ஃபர்ம்வேரைத்தான். பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, செட்டிங்ஸ், அபவுட் என்று போனால் ‘டிவைஸ் இஸ் சர்டிஃபைட்’ என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் திருப்பிக் கொடுங்கள். பெட்டியில் பிஐஎஸ் என்ற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு எண், ஆர் எழுத்தில் தொடங்குவது, இருக்கும். பிஐஎஸ் கேர் செயலியில் போட்டு அதே நிறுவனத்தின் பெயர் வருகிறதா என்று பார்க்கலாம். சிம் போடும் மாடல் என்றால் *#06# அடித்து வரும் ஐஎம்இஐ எண்ணை, அதாவது கருவியின் தனி அடையாள எண்ணை, முன்னால் கேஒய்எம் என்று ஆங்கில எழுத்தில் சேர்த்து, 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் விவரம் வரும்.

வெளிநாட்டிலிருந்து உறவுக்காரர் கொண்டுவருவது டெல்டாவில் பாதி வீடுகளில் நடப்பது. துபாயில் வாங்கிய ஐபேடில் ஃபேஸ்டைம் இல்லாமல் இருக்கலாம். பேரன் பேத்தி முகம் பார்க்கவே வாங்கியிருந்தால் இதை முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சீனச் சந்தைக்கு மட்டும் தயாரித்த லெனோவோ, ஷாவ்மி டேப்லெட்டுகளில் ‘குளோபல் ரோம்’ என்று வெளிநாட்டுப் பதிப்பு மென்பொருளை ஏற்றி விற்பதும் உண்டு. அப்படி மாற்றியதற்கு நிறுவனத்தின் அப்டேட் வராமல் நின்றுவிடும், அல்லது வந்த அப்டேட் கருவியையே முடக்கிவிடும். ஓடிடி செயலிகளில் படமும் மங்கலாகத்தான் வரும். வாரண்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டுக்கு மட்டும்.

பழையது வாங்குகிறவர்கள் ஐபேடில் செட்டிங்ஸ் திறந்ததும் மேலே ‘இந்த ஐபேட் நிர்வகிக்கப்படுகிறது’ என்ற வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பள்ளியோ பயிற்சி நிறுவனமோ கழித்துவிட்டது அது. அழித்துவிட்டுத் திரும்பத் தொடங்கினாலும் அந்த நிர்வாகப் பூட்டு வந்து நிற்கும். விற்பவர் எதிரிலேயே அழிக்கச் சொல்லி, முதல் திரையிலிருந்து வைஃபை இணைத்து முகப்பு வரை வந்த பிறகே பணம் கொடுங்கள். ஆண்ட்ராய்டிலும் இதே முறை. பழைய ஜிமெயில் கேட்டால் வேண்டாம்.

புதிதாகக் கடையில் வாங்கும்போதும் இந்த ஜிமெயில் தொல்லை உண்டு. ‘நாங்களே செட் பண்ணித் தர்றோம்ண்ணே’ என்று அன்பாகச் சொல்லிக் கடை ஜிமெயிலைப் போட்டு நாலைந்து செயலியையும் ஏற்றித் தருவார்கள். பிறகு ஒருநாள் ரீசெட் செய்தால் அந்தக் கடைக் கணக்கின் கடவுச்சொல் கேட்கும். ஸ்கிரீன் கார்டு ஒட்டச் சொல்லுங்கள், அத்தோடு நிறுத்துங்கள். தவணையில் வாங்கினால் கடன் நிறுவனத்தின் பூட்டுச் செயலி உள்ளே ஏறலாம். தவணை தவறினால் அது திரையைப் பூட்டிவிடக்கூடும். கடைசித் தவணை கட்டியதும் கடன் முடிந்த சான்றோடு அதையும் நீக்கித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

வீட்டில் முதல் அரைமணி நேரம் இப்படிப் போகட்டும். சாம்சங்கில் ஆரம்பத்திலேயே சம்மதக் கட்டங்கள் வரும். கட்டாயம் என்று போட்டிருப்பதை மட்டும் டிக் செய்யுங்கள், விருப்பம் என்றிருப்பதை விட்டுவிடுங்கள். உங்கள் பழக்கத்தைப் பார்த்து விளம்பரம் காட்டும் கஸ்டமைசேஷன் சர்வீஸ் வேண்டாம். ‘பரிந்துரைக்கும் செயலிகள்’ பக்கத்தில் எல்லா டிக்கையும் எடுங்கள், இல்லையென்றால் பத்துப் பதினைந்து விளையாட்டு தானே இறங்கும். பிறகு பிரைவசியில் ஆட்ஸ் என்ற இடத்துக்குப் போய் விளம்பர ஐடியை அழியுங்கள். பெர்மிஷன் மேனேஜரில் மைக்கையும் இருப்பிடத்தையும் பாருங்கள். டார்ச் செயலிக்கு இருப்பிடம் எதற்கு? பிள்ளைகளைக் கண்காணித்து விளம்பரம் காட்டக் கூடாது, 18 வயதுக்குக் கீழே பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை இந்த டிக்குகள்தான் காவல். மெமரி கார்டில் ஆதார் நகல், பத்திரம் வைக்காதீர்கள். கருவி பூட்டியிருந்தாலும் கார்டைக் கழற்றி வேறொன்றில் போட்டால் திறந்துவிடும்.

கடைசியாக, அப்டேட்டைப் போடும் வேலை. பெரிய பதிப்பு பல ஜிபி வரும். ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் ஒரு நாள் டேட்டா அதற்குக் காணாது. கிராமத்தில் அப்டேட் தள்ளிப்போக முக்கியக் காரணம் இதுதான். மாதப் பேட்ச் பெரும்பாலும் சில நூறு எம்பிதான், ஹாட்ஸ்பாட்டிலேயே முடியும். பெரியதை டவுனில் ஃபைபர் இருக்கும் உறவினர் வீட்டில் இறக்கிக்கொள்ளலாம். ஐபேடைக் கம்ப்யூட்டரில் இணைத்தும் போடலாம். பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கும்போது தொடங்குங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.